கைப்பிடியில் ஒளிந்திருக்கும் காலம்: கண்டிக் கத்தியை வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ஆனந்த குமாரசுவாமி

2023 டிசம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு ஆறு பொருட்கள் வந்து சேர்ந்தன. அனுப்பியது நெதர்லாந்து அரசு. 1765-ல் டச்சுப் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்து சூறையாடிய சம்பவத்தோடு தொடர்புடைய பொருட்கள் அவை. வெள்ளி, தங்கம், மாணிக்கக் கல் பதித்த பீரங்கிதான் செய்திகளில் அதிகம் பேசப்பட்டது. கூடவே இரண்டு வாள், இரண்டு பெரிய துப்பாக்கி. ஆறாவது பொருள் என்ன தெரியுமா? ஒரு கத்தி.

பீரங்கியில் எழுத்து பொறித்திருந்தது. அதனால் அது யாருடையது என்று சொல்வது ஓரளவு சுலபம். கண்டிக் கத்தியில் பெரும்பாலும் பெயரும் இருக்காது, வருஷமும் இருக்காது. பிறகு எப்படி அது எந்த ஊர்ப் பட்டறையில், எந்தக் காலத்தில், யாருக்காகச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கிறார்கள்?

இது அருங்காட்சியகக்காரர்களின் கவலை மட்டும் இல்லை. திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் செங்கம் ரோட்டோரமாக நடந்தாலே, கைவினைப் பொருட்களும் பழைய பொருள் மாதிரி தெரியும் சாமான்களும் வைத்திருக்கும் கடைகள் கண்ணில் படும். பித்தளைப் பிடி போட்ட ஒரு குட்டிக் கத்தியைக் கையில் எடுத்தால் நமக்கும் அதே கேள்விதான் வரும்: இது நிஜமாவே பழசா?

இந்தக் கேள்விக்கு ஒரு முறையோடு பதில் தேடியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். நடராஜர் சிலையின் தத்துவத்தை மேற்குலகத்துக்கு விளக்கியவர் என்று பலருக்கும் தெரிந்த ஆனந்த குமாரசுவாமிதான் அவர். சிலைகளுக்கு முன்னால் அவர் கவனித்தது, கண்டி மலைநாட்டுக் கம்மாளர்கள் செய்த கத்தி, எழுத்தாணி, பாக்குவெட்டி போன்ற சின்னச் சின்ன சாமான்களை.

யார் இந்த ஆனந்த குமாரசுவாமி?

1877 ஆகஸ்ட் 22-ம் தேதி கொழும்பில் பிறந்தவர். அப்பா சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர், வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆன முதல் இந்து என்று குறிப்பிடப்படுபவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவர்தான். அம்மா எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். இலங்கை அரசியலில் பெரிய பெயர்களான பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்தாவுக்கு அத்தை மகன்கள்.

கொழும்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் அவர் பிறந்த அதே 1877-ல்தான். ஆனால் அதைப் பார்த்து வளரும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 1879-ல் அம்மா கைக்குழந்தையோடு இங்கிலாந்து போனார். பின்னாலேயே கிளம்ப இருந்த அப்பா, அந்த வருஷம் மே மாதம் கொழும்பிலேயே இறந்துபோனார். அப்பாவின் முகமோ ஊரோ நினைவில் இல்லாமல், முழுக்க முழுக்க ஆங்கிலேயப் பையனாக வளர்ந்தார் ஆனந்தா.

குளோஸ்டர்ஷயரில் வைக்ளிஃப் பள்ளி. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். படித்தது கலையோ தத்துவமோ இல்லை, நிலவியலும் தாவரவியலும். 1900-ல் பட்டம். 1902-ல் எத்தல் பார்ட்ரிஜ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். எத்தலின் தம்பி ஃபிரெட் நகை செய்பவர்; சி.ஆர்.ஆஷ்பி நடத்திய கைவினைஞர் சங்கத்தில் இருந்தவர். கைவேலையை மதிக்கும் ஒரு வட்டம் அப்போதே ஆனந்தாவைச் சுற்றி உருவாகிவிட்டது.

கல்லைப் படித்த கண்

1903-ல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு அவர் இயக்குநர் ஆனார். வயது 25, 26 இருக்கும். வேலை என்ன? காடு மலை எல்லாம் சுற்றி, கல்லைச் சேகரித்து, இது என்ன கல், எங்கிருந்து வந்தது, எந்தப் பாறையோடு சேர்ந்தது என்று வகைப்படுத்துவது.

இந்த வேலையில் ஒரு சம்பவம் முக்கியமானது. 1904-ல் இலங்கையில் கிடைத்த கனமான கறுப்புக் கனிமம் ஒன்றை அவர் யுரேனினைட் என்று எடுத்துக்கொண்டார். வெளித்தோற்றத்தில் அப்படித்தான் இருந்தது. லண்டனில் விண்டம் டன்ஸ்டன் என்ற வேதியியலாளர் அதைச் சோதித்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தோரியம் ஆக்சைடு இருப்பது தெரிந்தது. அது அதுவரை யாருக்கும் தெரியாத புதுக் கனிமம். தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் கனிமத்தின் வரலாற்றில் குமாரசுவாமியின் பெயர் இருக்கிறது.

பழைய பொருளைப் பார்த்து வயசு சொல்லும் எவருக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நிறம், பளபளப்பு, எடை எல்லாம் முதல் துப்பு மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே எதோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரியாமல் பெயர் ஒட்டினால் ஏமாந்துபோவோம்.

கண்டியில் அவர் பார்த்தது என்ன?

கனிமம் தேடி ஊர் ஊராகச் சுற்றிய மூன்று, நான்கு வருஷத்தில் குமாரசுவாமியின் கவனம் மெல்ல வேறு பக்கம் திரும்பியது. கண்டி ராஜ்ஜியம் 1815 மார்ச் 2-ம் தேதி ஒப்பந்தத்தோடு பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. அவர் அங்கே போனது அதற்குச் சுமார் 90 வருஷம் கழித்து. ராஜா இல்லை, அரண்மனை உத்தரவு இல்லை. ஆனாலும் கிராமங்களில் வயசான ஆசாரிமார் சிலர் தாத்தா காலத்துத் தொழிலை இன்னும் கையில் வைத்திருந்தார்கள்.

கணவனும் மனைவியுமாக அவர்களைத் தேடிப் போனார்கள். எத்தல் கையில் கேமரா. ஆனந்தா கையில் நோட்டு. ஒவ்வொரு கருவிக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், ஒவ்வொரு கொடிக்கும் பூவுக்கும் என்ன பெயர், யார் யாருக்கு எந்த நிலம் மானியம், அதற்குப் பதிலாக எந்தப் பொருளைச் செய்துகொடுக்க வேண்டும் என்று பதிவு செய்தார்கள்.

அப்படித் தெரிந்ததுதான் பட்டல்ஹதர என்ற அமைப்பு. சிங்களத்தில் ‘நான்கு பட்டறைகள்’ என்று அர்த்தம். பட்டல என்ற சொல்லே காதுக்கு நம்ம பட்டறை மாதிரிதான் கேட்கும். அரண்மனைக்காக மட்டும் வேலை செய்த, தேர்ந்தெடுத்த கைவினைஞர்களின் குழு இது. கிரீடத்துக்கு ஒன்று, சிம்மாசனத்துக்கு ஒன்று, ஆபரணத்துக்கு ஒன்று, தங்க வாளுக்கு ஒன்று என்று பட்டறைகளுக்குப் பெயர். இவர்களில் சில குடும்பங்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்ற மரபும் இருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டதே மதுரைப் பக்கம் வேர் கொண்ட நாயக்கர் வம்சம்தான்.

பிஹகெத்த: ஒரு கத்தியின் ஜாதகம்

இந்தப் பட்டறைகளின் பெயர் சொல்லும் பொருட்களில் ஒன்று பிஹகெத்த. பிஹிய என்றால் கத்தி. கெத்த என்றால் வெட்டுக்கத்தி. இரண்டும் சேர்ந்த பெயர். பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குள் அடங்கும். கண்டிப் பிரதானிகள் இடுப்பில் செருகிக்கொள்வது.

இதை எப்படி அடையாளம் காண்பது? மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் அலகு, அதாவது வெட்டும் இரும்புப் பகுதி. முதுகுப் பக்கம் தடிமனாக இருக்கும். பிடியை ஒட்டிய இடத்திலும் முதுகு ஓரத்திலும் பித்தளையோ வெள்ளியோ பதித்து, அதன் மேல் கொடி வேலை செதுக்கியிருப்பார்கள்.

இரண்டாவது பிடி. யானைத் தந்தம், கொம்பு, மரம், பித்தளை, வெள்ளி என்று பலவகை. நுனி லேசாக வளைந்து சுருண்டு முடியும். அதில் லியவெல என்ற படர்கொடி, சேரபெண்டிய என்ற கற்பனைப் பறவைத் தலை மாதிரி வடிவங்கள் வரும்.

மூன்றாவது உறை. மரத்தில் செய்து வெள்ளிப் பூண் போட்டிருப்பார்கள். சில உறைகளில் கத்தியோடு கூடவே ஓர் எழுத்தாணியும் செருகியிருக்கும்.

கத்தியோடு எழுத்தாணி எதற்கு? ஓலையில் எழுதிய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஓலையை நறுக்கக் கத்தி, எழுத ஆணி. நம்ம ஊர் வாரெழுத்தாணியிலும் ஒரு பக்கம் எழுதும் முனை, இன்னொரு பக்கம் ஓலையை வாரும் கத்தி. ஆக, அந்தக் கத்தி ஆயுதம் மட்டும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, கணக்கு வழக்குப் பார்க்கிற, அரண்மனையில் பொறுப்பில் இருக்கிற ஒருவரின் அடையாளம். இன்றைக்கு ஐடி கார்டும் பேனாவும் சேர்ந்த மாதிரி.

குமாரசுவாமியின் முறை இங்கேதான் வேறுபடுகிறது. கத்தியைத் தனியாகப் பார்க்காமல், அதைச் செய்த பட்டறை, அதைக் கேட்ட அரண்மனை, அதை இடுப்பில் வைத்த மனிதர், அதற்காகக் கொடுத்த நிலம் என்று முழுச் சங்கிலியையும் பார்த்தார். அந்தச் சங்கிலி எப்போது அறுந்ததோ, அதுதான் காலத்தைப் பிரிக்கும் கோடு. 1815-க்கு முன் ராஜாவுக்காகச் செய்தது ஒரு ரகம். அதற்குப் பிறகு, வெள்ளைக்கார அதிகாரி ஊருக்கு எடுத்துப்போகும் நினைவுப் பொருளாகச் செய்தது இன்னொரு ரகம். பின்னதில் அலங்காரம் கூடும். வெட்டும் வேலைக்கான கவனம் குறையும்.

425 பிரதிகள் மட்டும்

1906-ல் லண்டன் பல்கலைக்கழகம் இலங்கை நிலவியல் ஆய்வுக்காக அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் வசதியான அரசு வாழ்க்கை. ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் பிராட் கேம்டன் என்ற கிராமத்தில் பழைய நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றை வீடாக்கிக் குடியேறினார். அதைப் புதுப்பித்துக் கொடுத்தவர் ஆஷ்பி.

அங்கேதான் மெடீவல் சிங்களீஸ் ஆர்ட் என்ற பெரிய புத்தகம் உருவானது. வில்லியம் மோரிஸ் தன் புகழ்பெற்ற சாசர் பதிப்பை அச்சடித்த அதே கை அச்சு இயந்திரம், ஆஷ்பி வழியாகக் குமாரசுவாமியிடம் வந்திருந்தது. அதில் ஒரு வருஷத்துக்கும் மேல் அச்சு வேலை நடந்து, 1908-ல் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். கைவேலையைப் பற்றிய புத்தகமும் கைவேலையாகவே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

தலைப்பில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மெடீவல் என்றால் இடைக்காலம். ஆனால் புத்தகத்தில் இருக்கும் பொருட்களில் பெரும்பாலானவை 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அப்போ தலைப்பு தப்பா? இல்லை. ஐரோப்பாவில் இடைக்காலத்தோடு முடிந்துபோன பட்டறை முறை, கண்டியில் 18-ம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது என்பது அவர் வாதம். காலண்டரில் இருக்கும் வருஷம் வேறு, பட்டறைக்குள் ஓடும் காலம் வேறு. பழைய கத்திகளுக்குத் துல்லியமாக ஒரு வருஷம் சொல்லாமல், இந்த நூற்றாண்டின் பிற்பகுதி என்ற மாதிரி அருங்காட்சியகங்கள் எழுதுவதற்கும் காரணம் இதுதான். பேரன் செய்ததும் தாத்தா செய்ததும் ஒரே அச்சில் இருந்தால், வருஷத்தை எங்கே போய்த் தேடுவது?

எத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகத்தின் புகைப்படங்களில் அவர் உழைப்பு பெரியது. இருவரும் பின்னாளில் பிரிந்தார்கள். எத்தல் மேரே என்ற பெயரில் அவர் இங்கிலாந்தின் முக்கியமான கைத்தறிக் கலைஞர்களில் ஒருவர் ஆனார்.

இந்தியாவுக்குத் தர நினைத்த கலெக்ஷன்

அடுத்த பத்து வருஷம் குமாரசுவாமிக்கு இந்தியாவின் பக்கம்தான். சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரம். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு நட்பு. துணி மட்டும் சுதேசியாக இருந்தால் போதாது. வீட்டுச் சாமான், ரசனை எல்லாமே இங்கிருந்து வர வேண்டும் என்று எழுதினார். கலையும் சுதேசியும் பற்றிய அவர் கட்டுரைகளைச் சென்னை கணேஷ் அண்ட் கோ புத்தகமாகப் போட்டது. 1909-ல் இந்தியக் கைவினைஞர்களைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

1910–11 அலகாபாத் கண்காட்சியில் கலைப் பிரிவு அவர் பொறுப்பு. அதற்காக வட இந்தியா முழுக்கச் சுற்றியபோது, யாரும் பெரிதாக மதிக்காமல் கிடந்த ராஜபுத்திர ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கினார். 1916-ல் அவற்றைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். முகலாய ஓவியம் வேறு, ராஜபுத்திர ஓவியம் வேறு என்று பிரித்துக் காட்டியதில் அவர் பங்கு பெரியது. இங்கேயும் அதே கண்தான். எந்தப் பட்டறை, யார் கேட்டு வரைந்தது என்று பார்ப்பது.

தன் சேகரிப்பை எல்லாம் வைக்க இந்தியாவில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைந்தால் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். காசியில் அமைக்கலாம் என்பது யோசனை. அது நடக்கவில்லை. முதல் உலகப்போரில் பிரிட்டனுக்காகப் போரிட அவர் மறுத்ததால் அங்கேயும் நிலைமை சிக்கலானது. 1917-ல் டென்மன் ராஸ் என்ற அமெரிக்கர் அந்தச் சேகரிப்பை வாங்கி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பொருட்களோடு சேர்ந்து அவற்றின் காப்பாளராக ஆனந்தாவும் பாஸ்டன் போனார். மிச்ச வாழ்நாள் 30 வருஷமும் அங்கேயேதான்.

வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போனதால் கைவினை மரபு அழிகிறது என்று எழுதியவரின் சேகரிப்பே கடல் தாண்டிப் போனது. அவர் வாழ்க்கையில் இருக்கும் பெரிய முரண் இது.

பாஸ்டனில் ஜப்பான் கத்திகள்

அவர் போய்ச் சேர்ந்த இடம் சாதாரண இடம் இல்லை. ஜப்பானுக்கு வெளியே ஜப்பானியக் கலைப்பொருட்கள் அதிகம் குவிந்திருக்கும் அருங்காட்சியகங்களில் பாஸ்டனும் ஒன்று. வில்லியம் பிகலோ என்பவர் 1911-ல் கொடுத்த பெரும் நன்கொடையில் வாள்களும் வாள் உறுப்புகளும் உண்டு. கண்டிப் புத்தகம் வெளிவந்த அதே 1908-ல், ஒகாபே காகுயா என்பவர் பாஸ்டனில் இருந்த ஜப்பானிய வாள் காப்புத் தகடுகளை வகைப்படுத்திப் புத்தகம் எழுதியிருந்தார். 1920-ல் கிளம்பி ஜப்பான், சீனா, ஜாவா என்று ஒரு நீண்ட பயணமும் போய்வந்தார் குமாரசுவாமி.

ஜப்பானிலும் நம்ம கண்டிக் கத்தியின் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. சாமுராய் வாளின் உறையில், ஓரமாக ஒரு குட்டிப் பை மாதிரி இடம் விட்டிருப்பார்கள். அதில் செருகும் சிறு கத்திக்கு ககதானா என்று ஒரு பெயர் சொன்னால் தப்பு. சரியான பெயர் கொகதானா. அதன் பிடிக்கு மட்டும் கொசுகா என்று தனிப்பெயர். சண்டைக்கு இல்லை; காகிதம் வெட்ட, சில்லறை வேலை செய்யத்தான். பிடி சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், விரல் அகலம்கூட இருக்காது. அந்தச் சின்ன இடத்தில் மலை, நிலா, கொக்கு, டிராகன் எல்லாம் செதுக்கிவிடுவார்கள்.

செம்போடு கொஞ்சம் தங்கம் சேர்த்து, ரசாயனப் பக்குவம் செய்து கருநீலமாக்கிய ஷாகுடோ; செம்போடு வெள்ளி சேர்த்துச் சாம்பல் நிறமாக்கிய ஷிபுஇச்சி. இவைதான் முக்கிய உலோகங்கள். மீன் முட்டை மாதிரி நெருக்கமாகப் புள்ளி அடித்த தளத்துக்கு நானாகோ என்று பெயர். 15-ம் நூற்றாண்டில் கோட்டோ யூஜோ தொடங்கிவைத்த குடும்பம், தலைமுறை தலைமுறையாக ஆட்சியாளர்களுக்கு இந்த வேலை செய்தது. கண்டியின் பட்டல்ஹதர மாதிரியே அரண்மனைப் பட்டறை.

சங்கிலி அறுந்த வருஷமும் இங்கே தெளிவாகத் தெரியும். 1876-ல் மேஜி அரசு பொது இடத்தில் வாள் அணியத் தடை போட்டது. அன்றோடு பிடி செதுக்கியவர்களுக்கு வேலை போனது. பலர் ஏற்றுமதிக்கான பூஜாடி, பெட்டி செய்யப் போனார்கள். கழற்றி விற்ற கொசுகா பிடிகளும், அச்சில் வார்த்த நகல்களும் ஐரோப்பாவில் பழம் நறுக்கும் கத்திகளுக்குப் பிடியாகப் போயின. கண்டிக்கு 1815. ஜப்பானுக்கு 1876. இரண்டு ஊரிலும் கத்தியின் காலத்தைச் சொல்ல உதவும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது இடுப்பில் அணியச் செய்ததா, விற்பனைக்குச் செய்ததா?

சரி, ஒரு பழைய கத்தி கையில் கிடைத்தால்?

1. பிடியையும் அலகையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று பழசாக, இன்னொன்று புதுசாக இருக்கலாம். ஜப்பானியக் கத்தியில் பிடியைக் கழற்றி மாற்றுவது சகஜம்.

2. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜப்பானிய அலகுகளில் புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரை அலங்காரத்துக்காகவே பொறிப்பதும், போலிக் கையெழுத்தும் நிறைய. கண்டிக் கத்தியில் பெயர் இல்லை என்பதற்காக அது மட்டமும் இல்லை.

3. உளியா, அச்சா? கையால் செதுக்கியதில் கோடுகள் கூர்மையாக இருக்கும். ஒன்று போல இன்னொன்று இருக்காது. அச்சில் வார்த்ததில் ஓரங்கள் மழுங்கி, சில சமயம் ஊசித் துளைகளும் இணைப்புக் கோடும் தெரியும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

4. தேய்மானம் நியாயமாக இருக்கிறதா? விரல் படும் மேட்டில் தேய்ந்து, பள்ளத்தில் அழுக்கு தங்கியிருந்தால் பல கைகள் புழங்கியது. எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. புளி, பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். ஷாகுடோ மாதிரி உலோகத்தில் அந்த மேல்நிறம்தான் கலையே. அதைத் தேய்த்து எடுத்தால் திரும்பி வராது.

6. சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பிடி யானைத் தந்தம் என்றால் வாங்குவதும் விற்பதும் குற்றம்.

அவர் சொன்னதெல்லாம் சரியா?

குமாரசுவாமிமேல் விமர்சனமும் உண்டு. கண்டி ராஜா காலத்தை அவர் ரொம்பவே அழகாக்கிவிட்டார் என்பது அதில் முக்கியமானது. நிலம் கொடுத்து வேலை வாங்கும் ராஜகாரிய முறையில் பாதுகாப்பு இருந்தது, கட்டாயமும் இருந்தது. ஆசாரியின் மகன் ஆசாரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற சாதிக் கட்டும் இருந்தது. 1830-களில் பிரிட்டிஷார் அந்தக் கட்டாய உழைப்பை ரத்து செய்தபோது, பலருக்கு அது விடுதலையாகவும் இருந்திருக்கும். அப்பாவின் சொத்தில் சுதந்திரமாக வாழ்ந்த ஒருவரால், பரம்பரைத் தொழிலை இவ்வளவு சுலபமாகப் புகழ முடிந்தது என்று சொல்பவர்களை முழுதாக மறுக்கவும் முடியாது.

ஆனால் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பொருளை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றலாம். அதைச் செய்யத் தெரிந்த கையை எங்கே வைத்துக் காப்பாற்றுவது? 1940-களில், அருங்காட்சியகம் எதற்கு என்ற கேள்வியை, அருங்காட்சியகச் சம்பளத்திலேயே இருந்துகொண்டு எழுதினார். பயன்பாட்டுக்காகச் செய்த பொருளைப் பயன்பாட்டிலிருந்து பிரித்து அழகை மட்டும் ரசிப்பது, பாதிதான் புரிந்துகொள்வது என்பது அவர் நிலைப்பாடு.

கடைசி வருஷம்

1947-ல் குமாரசுவாமிக்கு 70 வயது. இந்தியா சுதந்திரம் அடைந்த அதே ஆகஸ்டில் பாஸ்டன் நண்பர்கள் அவர் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். அருங்காட்சியக வேலையை முடித்துக்கொண்டு, மனைவி லூயிசாவோடு இந்தியாவுக்கே வந்து அமைதியாக வாழ்வது என்று முடிவு செய்திருந்தார். அது நடக்கவில்லை. செப்டம்பர் 9-ம் தேதி, மாசசூசெட்ஸில் நீடம் என்ற ஊரில் இருந்த தன் வீட்டில் இறந்தார். இரண்டு வயதில் விட்டுப்போன தீவில் பிறந்து, கொடுக்க நினைத்ததை வாங்கிக்கொள்ளாத நாட்டுக்குத் திரும்ப ஆசைப்பட்டு, மூன்றாவது நாட்டில் முடிந்த வாழ்க்கை.

கண்டியின் சிம்மாசனமும் கிரீடமும் அவர் உயிரோடு இருக்கும்போதே, 1934-ல் பிரிட்டனிலிருந்து இலங்கைக்குத் திரும்பிவிட்டன. நெதர்லாந்தில் இருந்த கத்தி திரும்ப இன்னும் 89 வருஷம் ஆனது. கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போனால் அதைத் தேடிப் பாருங்கள். பிடியில் ஓடும் கொடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தால், அந்த உளியைப் பிடித்திருந்த கை எவ்வளவு பழகிய கை என்பது தெரியும். அந்தக் கையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பட்டறையின் பெயராவது நமக்குத் தெரிகிறதென்றால், அதில் நோட்டோடு ஊர் ஊராகச் சுற்றிய அந்த நிலவியல்காரருக்கும் பங்கு உண்டு.